அம்மாவைப் பெற்றவர்கள் யார்? தத்துப்பிள்ளைகளின் வாரிசுகள் நடத்தும் தேடல்

அமெரிக்காவில் 1930-களிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் பலர், தங்களைப் பெற்றவர்கள் யார் என்று தெரியாமலேயே வளர்ந்தார்கள். அந்தத் தலைமுறை இப்போது ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அவர்கள் கேட்காமல் விட்ட கேள்வியை, அல்லது கேட்டும் பதில் கிடைக்காத கேள்வியை, அவர்களுடைய பிள்ளைகள் இப்போது கையில் எடுக்கிறார்கள். தேடுகிறவருக்கே ஐம்பது, அறுபது வயது இருக்கும். தேடப்படும் பாட்டி உயிரோடு இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். நடுவில் இருந்து இரண்டு பக்கத்தையும் இணைத்திருக்க வேண்டிய ஆள் மட்டும் இல்லை.

தத்துப்பிள்ளைகள் தாங்களே உயிரோடு இருந்தபோது ஏன் தேடவில்லை என்று கேட்கத் தோன்றும். பல குடும்பங்களில் அதற்கு ஒரே காரணம்தான்: வளர்த்தவர்கள் மனம் நோகக் கூடாது. தத்துப்பிள்ளைகள் பலர், வளர்த்த அம்மாவும் அப்பாவும் இருக்கும் வரை வாயே திறக்கவில்லை. அவர்கள் காலம் முடிந்தபோது இவர்களுக்கே வயதாகிவிட்டது. "இனிமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது" என்று விட்டுவிட்டார்கள். சிலருக்குத் தாங்கள் தத்துப்பிள்ளை என்பதே சொல்லப்படவில்லை. அம்மா இறந்த பிறகு அவருடைய அலமாரியை ஒழிக்கும்போது கிடைக்கும் நீதிமன்ற ஆணையில்தான் பிள்ளைகளே முதன்முதலில் அதைப் படிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் படிவம் இருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா, இளவயதில் மாரடைப்பு வந்ததுண்டா என்று கேட்கும் பகுதியில் அம்மா வாழ்நாள் முழுக்கத் "தெரியாது" என்று எழுதினார். இப்போது மகளும் பாதிக்குத் "தெரியாது" என்றே எழுதுகிறாள். அலுவலகங்களில் எடுபடுவது இந்த மருத்துவக் காரணம்தான். ஆனால் தேடுகிறவர்களின் மனதில் இருப்பது இன்னும் எளிமையான ஒன்று என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் குழந்தை பிறந்த அன்றே "அப்படியே பாட்டி ஜாடை" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அம்மாவுக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இருந்ததில்லை. அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஆசைப்படுவதற்கு வேறு நியாயம் எதுவும் தேவையில்லை.

சரி, இந்த விவரங்கள் ஏன் பூட்டப்பட்டன?

அமெரிக்காவில் தத்தெடுப்பு என்பதை நீதிமன்றத்தின் வழியாக நடக்கும் ஒன்றாக மாற்றிய முதல் நவீனச் சட்டம் 1851-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வந்தது. அதற்குப் பிறகும் நீண்ட காலம் ஆவணங்கள் திறந்தே கிடந்தன. 1917-ல் மினசோட்டா மாநிலம் தத்து வழக்குக் கோப்புகளை வெளியார் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டது. வேடிக்கை பார்க்கிறவர்களையும் ஊர் வாயையும் தள்ளி வைப்பதுதான் அதன் நோக்கம். சம்பந்தப்பட்ட குடும்பத்துக்குத் தடை இல்லை. 1930-களில் இன்னொரு வழக்கம் பரவியது: தத்தெடுப்பு முடிந்ததும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையே மாற்றி எழுதுவது. திருமணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் சான்றிதழில் அந்த அவமானம் அச்சடித்ததுபோல் தெரியும். பள்ளியில் சேர்க்கும்போதும் வேலைக்குப் போகும்போதும் அதைக் காட்ட வேண்டும். குழந்தையை அதிலிருந்து காப்பாற்றத்தான் புதுச் சான்றிதழ் வந்தது. வளர்த்தவர்களே பெற்றவர்கள் என்று அதில் இருக்கும். மூலச் சான்றிதழ் ஓர் உறைக்குள் போய் முத்திரையிடப்படும்.

நல்லெண்ணத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. ஆனால் ஊரிடமிருந்து மறைக்க வைத்த பூட்டு, நாளடைவில் அந்தக் குழந்தைக்கே எதிராகத் திரும்பியது. குழந்தை வளர்ந்து நாற்பது வயது ஆளாக வந்து கேட்டாலும் கிடையாது என்ற நிலை மாநிலம் மாநிலமாகப் பரவியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-லிருந்து 1973 வரைதான் இது உச்சத்தில் இருந்தது. திருமணமாகாமல் கர்ப்பமான பெண்களை வீட்டார் வெளியூரில் இருந்த பிரசவ விடுதிகளுக்கு அனுப்பினார்கள். ஃபுளோரன்ஸ் கிரிட்டன்டன் இல்லங்கள், சால்வேஷன் ஆர்மி நடத்திய பூத் இல்லங்கள், கத்தோலிக்க அமைப்புகள் நடத்திய இல்லங்கள் என்று நாடு முழுக்க இவை இருந்தன. பெண் "அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள்" என்று ஊரில் சொல்லப்படும். சில மாதங்கள் கழித்து வெறுங்கையோடு திரும்புவாள். அந்தக் காலகட்டத்தில் இப்படிப் பிரிக்கப்பட்ட குழந்தைகள் 15 லட்சம் வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கையெழுத்துப் போட்ட தாய்மார்களில் பலருக்கு வேறு வழியே காட்டப்படவில்லை. ரகசியம் காக்கும்படி அவர்களும் கேட்டுக்கொண்டார்கள் என்று பின்னாளில் சொல்லப்பட்டது. ஆனால் கேட்டவர்களைவிட, அப்படி இருக்கும்படி உத்தரவிடப்பட்டவர்களே அதிகம் என்பதுதான் அந்தத் தாய்மார்கள் முதுமையில் வெளியே வந்து பேசியபோது தெரிந்தது.

திருத்தப்பட்ட சான்றிதழைக் கையில் எடுத்துப் பார்த்தால் குறை எதுவும் தெரியாது. ஊர், தேதி, நேரம் எல்லாம் இருக்கும். அம்மா என்ற இடத்தில் வளர்த்த அம்மாவின் பெயர், அன்றைய வயதோடு. பிரசவத்தில் இருந்ததே அவர்தான் என்பதுபோல இருக்கும். ஒரு இடம் மட்டும் காட்டிக்கொடுக்கும்: பதிவு செய்யப்பட்ட தேதி. மார்ச் மாதம் பிறந்த குழந்தைக்கு அடுத்த வருடம் நவம்பரில் பதிவு என்றால், நடுவில் ஒரு நீதிமன்றம் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

நியூயார்க் நகரத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அங்கே பெயரெல்லாம் மாறினாலும் சான்றிதழ் எண் மாறாது. நகரில் பிறந்த குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் வருடவாரியாக அச்சிடப்பட்டு, 42-வது தெருவில் உள்ள பொது நூலகத்தில் தடித் தடிப் புத்தகங்களாக இருந்தது. பட்டியல் அகர வரிசையில் இருக்கும், பக்கத்தில் எண் இருக்கும். தத்துப்பிள்ளைகள் தங்கள் சான்றிதழ் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அந்த வருடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, பெயரைப் பார்க்காமல் எண்களை மட்டும் வரிவரியாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். லட்சக்கணக்கான வரிகளில் ஒன்றில் அந்த எண் வரும். அதற்கு நேரே, தாங்கள் பிறந்தபோது இருந்த பெயர் இருக்கும். இன்று அந்தப் பட்டியல்களில் பெரும்பகுதி இணையத்தில் கிடைக்கிறது. அம்மாவோ அப்பாவோ நியூயார்க் நகரில் பிறந்தவர் என்றால், இறந்தவருடைய சான்றிதழின் மூலையில் இருக்கும் அந்த எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களைத் திறக்கச் சொல்லும் போராட்டமும் பழையதுதான். தானும் தத்துப்பிள்ளையான ஜீன் பேட்டன் 1950-களிலேயே இதைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1971-ல் ஃபுளோரன்ஸ் ஃபிஷர் நியூயார்க்கில் 'ஆல்மா' என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு வழக்குப் போட்டது. பெற்றோர்–பிள்ளை உறவை இப்படி அரசு துடைத்தழிப்பது அடிமை முறையின் எச்சம், அடிமை முறையை ஒழித்த, அமெரிக்க அரசியலமைப்பின் 13-வது திருத்தத்துக்கே விரோதம் என்றுகூட வாதிட்டார்கள். 1979-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதன் பிறகு சண்டை மாநிலச் சட்டமன்றங்களுக்குப் போனது. கான்சஸும் அலாஸ்காவும் எப்போதுமே பூட்டியதில்லை. ஒரிகன் மாநிலத்தில் 1998-ல் மக்களே வாக்களித்துத் திறந்தார்கள். அப்புறம் அலபாமா, நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் என்று மெல்ல நகர்ந்து இன்று பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில், வயது வந்த தத்துப்பிள்ளை கேட்டால் மூலச் சான்றிதழ் கிடைக்கிறது. கலிஃபோர்னியாவில் இன்றும் நீதிமன்ற ஆணை வேண்டும். டெக்சாஸில் பெற்றவர்கள் பெயர் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் நீதிமன்றம் போகாமல் சான்றிதழ் தருவார்கள். தெரியாதவருக்குத்தானே அந்தச் சான்றிதழ் வேண்டும்!

இதில் வாரிசுகளின் இடம் எது? பெரும்பாலான சட்டங்கள் எழுதப்பட்டபோது அவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. சான்றிதழ் கேட்கும் உரிமை தத்துப்பிள்ளைக்கு உண்டு என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அவர் இறந்தால் அந்த உரிமை என்ன ஆகும்? 2020 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது: தத்துப்பிள்ளை இறந்துவிட்டால் அவருடைய நேரடி வாரிசுகள் கேட்கலாம். இறப்புச் சான்றிதழும், தான் அவர் பிள்ளை அல்லது பேரப்பிள்ளை என்பதற்கான சான்றும் இருந்தால் போதும். எண்பது வருடங்களுக்கு மேல் மூடிக் கிடந்த கோப்புகள் இப்படித் திறந்தன. இந்தச் சட்டத்தைத்தான் மற்ற மாநிலங்களும் பார்த்து எழுத வேண்டும் என்பது என் கருத்து. நிலமும் வீடும் வாரிசுக்குப் போகிறது, கடன்கூட வந்து கதவைத் தட்டுகிறது. பாட்டியின் பெயர் மட்டும் இறந்தவரோடு புதைந்துபோக வேண்டும் என்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

இங்கிலாந்து இதை வேறு மாதிரி கையாண்டது. அங்கே சட்டப்படியான தத்தெடுப்பே 1926-ம் ஆண்டுச் சட்டத்தோடுதான், 1927-லிருந்து, தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்தவை வாய்ப்பேச்சிலும் கடிதத்திலும் முடிந்தவை, நீதிமன்றத்தில் தேடிப் பயனில்லை. 1975-ல் வந்த சட்டம், வயது வந்த தத்துப்பிள்ளைகள் தங்கள் மூலப் பிறப்புப் பதிவைப் பார்க்க வழிவிட்டது. வாரிசுகளுக்கான வழி 2014 அக்டோபர் 31 அன்று திறந்தது. 2005 டிசம்பர் 30-க்கு முன் தத்துக் கொடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், பதிவு பெற்ற இடைத்தரகு அமைப்பு ஒன்றின் மூலம் தகவலும் தொடர்பும் கேட்கலாம். அந்த அமைப்பு முதலில் எதிர்ப்பக்கத்தைக் கண்டுபிடித்து, சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வரும். ஸ்காட்லாந்தில் இந்தச் சண்டையே இல்லை. 1930-ல் சட்டம் வந்த நாளிலிருந்தே 17 வயது (இப்போது 16) நிறைந்த தத்துப்பிள்ளை தன் பதிவைப் பார்க்கலாம். அதனால் அங்கே குடும்பங்கள் சிதைந்துபோனதாக யாரும் சொல்லவில்லை.

மூலச் சான்றிதழ் கிடைக்காத மாநிலங்களில் இன்னொரு காகிதம் கிடைக்கலாம். தத்துக் கொடுத்த அமைப்பின் கோப்பில் உள்ள, அடையாளம் காட்டாத விவரங்களின் சுருக்கம். சில இடங்களில் இதை வாரிசுக்கும் தருகிறார்கள். பெயர், ஊர், முகவரி எல்லாம் நீக்கி ஒரு சமூகப் பணியாளர் தட்டச்சு செய்து கொடுத்த ஒன்றரைப் பக்கம். "தாய்க்கு வயது 21. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். பழுப்பு நிறக் கூந்தல். லூதரன் திருச்சபை. பள்ளி இறுதி முடித்துத் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்தார். நான்கு பிள்ளைகளில் மூன்றாமவர். தந்தை விவசாயி, மூத்த சகோதரர் ராணுவத்தில்." இப்படித்தான் இருக்கும். படிக்கும்போது ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். ஆனால் பின்னால் டிஎன்ஏ வழியாக ஐந்தாறு குடும்பங்கள் வரிசையில் நிற்கும்போது, நான்கு பிள்ளைகளில் மூன்றாவது பெண், அப்பா விவசாயி, அண்ணன் ராணுவம் என்ற வரிதான் எந்த வீடு என்று முடிவு செய்யும்.

எல்லாக் காகிதத்தையும் நம்பவும் முடியாது. டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் ஜார்ஜியா டேன் என்பவர் நடத்திய குழந்தைகள் இல்லம் 1950 வரை ஆயிரக்கணக்கான குழந்தைகளை விலைக்கு விற்றது. ஏழைத் தாய்மார்களிடம் ஏமாற்றி வாங்கிய குழந்தைகளுக்கு, நல்ல குடும்பத்தில் பிறந்தவை என்று பொய்யாகப் பின்னணி எழுதிக் கொடுத்தார்கள். அந்த இல்லத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. நேர்மையான இல்லங்களிலும் தாய் தன் பெயரை மாற்றிச் சொன்னதுண்டு. தந்தையின் பெயர் பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. சான்றிதழ் கைக்கு வந்தாலும் பாதி விடைதான் அதில் இருக்கும்.

மீதிப் பாதிக்கு டிஎன்ஏதான் வழி. ஒரு குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால், அதே நிறுவனத்தில் பரிசோதித்துக்கொண்ட லட்சக்கணக்கானவர்களில் யார் யாரோடு எவ்வளவு டிஎன்ஏ ஒத்துப்போகிறது என்று பட்டியல் வரும். ஆன்செஸ்ட்ரி நிறுவனத்திடம் மட்டும் இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவு இருக்கிறது. அது வெளியிலிருந்து வரும் தரவை ஏற்பதில்லை, அதனால் அமெரிக்கத் தேடலை அங்கே தொடங்கிவிட்டு, கிடைத்த தரவை, மற்ற நிறுவனங்களின் தரவையும் ஏற்கும் ஜெட்மேட்ச் போன்ற இணையதளங்களில் ஏற்றுவதுதான் வழக்கம்.

ஒத்துப்போகும் அளவைச் சென்டிமார்கன் என்ற அலகில் சொல்வார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400–3,500. ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு, அதாவது சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா பிள்ளைகளுக்கு, சராசரியாக 870 அளவில். அதற்கு அடுத்த சுற்றில், தாத்தாக்களோ பாட்டிகளோ உடன்பிறந்தவர்களாக இருந்தால், 230 போல. அதற்கும் அடுத்த சுற்றுக்கு 70 அளவுக்கு இறங்கிவிடும். அந்தச் சுற்று உறவினர்களில் பத்தில் ஒருவரோடு டிஎன்ஏ எதுவுமே ஒத்துப்போகாமலும் இருக்கலாம்.

வாரிசுகளுக்கு உள்ள சிரமம் இங்கேதான். அம்மாவே பரிசோதித்திருந்தால், தாய் மட்டும் ஒன்றான அவருடைய சகோதரி 1,750 அளவில் பட்டியலின் உச்சியில் நின்றிருப்பார். மகளுக்கு அதே பெண் 870-ல் நிற்கிறார். அம்மாவின் தூரத்து உறவுகளில் சிலர் மகளின் பட்டியலில் இல்லாமலே போகிறார்கள். ஒரு தலைமுறை இறங்கினால் தகவலில் பாதி போய்விடுகிறது. இதைச் சரிக்கட்ட ஒரு வழி, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் பரிசோதிப்பது. ஒவ்வொருவருக்கும் அம்மாவிடமிருந்து வந்த பாதி ஒரே பாதி அல்ல. இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் அம்மாவின் டிஎன்ஏவில் சராசரியாக முக்கால் பங்கு கிடைத்துவிடும், மூன்று பேர் என்றால் 87 சதவீதத்துக்கு மேல். அண்ணனுக்கு இதில் ஆர்வம் இல்லை என்றாலும் ஒருமுறை எச்சில் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுவதில் தப்பே இல்லை.

தத்துப்பிள்ளையாக இருந்தவர் அப்பா என்றால் ஓர் அற்புதமான விஷயம் நடக்கிறது. அப்பா தன் ஒரே எக்ஸ் குரோமோசோமைத் தன்னைப் பெற்ற தாயிடமிருந்து வாங்கியிருப்பார். அதை அப்படியே முழுசாக மகளுக்குக் கொடுத்திருப்பார். ஒய் குரோமோசோமை அவருக்குக் கொடுத்தவர் தகப்பன், அது அப்படியே மகனுக்குப் போயிருக்கும். பெயர் தெரியாத பாட்டியிடமிருந்து வந்த எக்ஸ் தங்கையிடமும், பெயர் தெரியாத தாத்தாவின் ஒய் அண்ணனிடமும் இருக்கிறது. அமெரிக்காவில் குடும்பப் பெயர் ஆண் வழியில் போவதால், ஒய் பரிசோதனையில் நெருங்கி ஒத்துப்போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருந்தால், அதுவே தாத்தாவின் பெயராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அம்மா தத்துப்பிள்ளை என்றால் இந்த வசதி இல்லை. ஆனால் தாய் வழியாக மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அவருடைய எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும், அது பாட்டி வழியைக் காட்டும்.

வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அம்மா தத்துப்பிள்ளை, அப்பா வழி உறவுகள் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவோ அப்பாவின் சகோதரியோ பரிசோதித்தால், அவர்களோடும் ஒத்துப்போகிறவர்களை மகளின் பட்டியலிலிருந்து ஒதுக்கிவிடலாம். மிஞ்சுகிறவர்கள் அம்மா பக்கம். அவர்களுக்குள் யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்று வண்ணம் தீட்டிப் பார்த்தால் இரண்டு கூட்டமாகப் பிரிவார்கள்: பாட்டி வழி, தாத்தா வழி. 2018-ல் டேனா லீட்ஸ் என்ற குடும்ப வரலாற்று ஆய்வாளர் இந்த வண்ண முறையை வெளியிட்டார். விரிதாள் ஒன்று இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம்.

பட்டியலின் மேலே 430 சென்டிமார்கனில் ஒருவர் நிற்கிறார். இந்த அளவுக்குப் பல உறவுகள் பொருந்தும். அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரராக இருக்கலாம். தாய் அல்லது தந்தை மட்டும் ஒன்றான அம்மாவின் சகோதரருடைய பிள்ளையாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. வயதைப் பார்க்க வேண்டும். அம்மா காலத்தவர் என்றால் முதலாவது, உங்கள் காலத்தவர் என்றால் இரண்டாவது, அநேகமாக. அவர் தன் குடும்ப மரத்தைப் போட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் நீங்களே கட்ட வேண்டும். உள்ளூர்ச் செய்தித்தாள்களின் இரங்கல் குறிப்புகள் இதற்குப் பொக்கிஷம். யார் யாருக்குப் பிள்ளை, எந்த ஊரில் இருக்கிறார், மருமகன் பெயர் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். 1950-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் பட்டியல், 72 வருடக் காத்திருப்பு முடிந்து 2022 ஏப்ரல் 1 அன்று வெளியானது. பாட்டி அன்று இளம்பெண்ணாக எந்த வீட்டில், எந்த வேலையில் இருந்தார் என்று அதில் பார்க்கலாம். ஒரு கூட்டத்துக்குப் பொதுவான மூதாதைத் தம்பதியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கீழே இறங்கி வந்து, அம்மா பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு அந்த ஊரில், அந்த வயதில் இருந்திருக்கக்கூடியவர் யார் என்று பார்க்க வேண்டும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். 2018-ல் கலிஃபோர்னியாவின் 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' கொலைகாரனைப் பிடிக்க உதவிய பார்பரா ரே-வென்டர் இந்த வித்தையைக் கற்றது தத்துப்பிள்ளைகளுக்கு உதவும் தன்னார்வலர்களிடம்தான்.

சொந்தத்துக்குள்ளேயே மணம் செய்யும் சமூகங்களில் இந்தக் கணக்கு தப்பும். ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசி யூதர்களிடமும், லூசியானா மாநிலத்தில் பிரெஞ்சு வழிவந்த கேஜன்களிடமும் தூரத்து உறவினர்கூட நெருங்கிய உறவினர்போல எண்ணில் தெரிவார். அத்தை மகனையும் மாமன் மகளையும் தலைமுறைகளாகக் கட்டிவந்த நம் குடும்பங்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

பெயர் கிடைத்துவிட்டது. இனிமேல்தான் மிகவும் கவனமாக நடக்க வேண்டிய இடம் வருகிறது. பாட்டி அநேகமாக இறந்திருப்பார். ஆனால் அவருக்குப் பின்னால் திருமணத்தில் பிறந்த பிள்ளைகள், உங்கள் அம்மாவின் தம்பி தங்கைகள், எழுபது எண்பது வயதில் இருப்பார்கள். தங்களுக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. உங்கள் கடிதம் அவர்களுடைய தாயைப் பற்றி அவர்களுக்கு ஒரு புதுச் செய்தியைச் சொல்கிறது. அதனால் முதல் தொடர்பு ஒரே ஒருவருக்கு, தபாலில், மூடிய உறையில் போவதே நல்லது. பேஸ்புக்கில் குடும்பத்துக்கே தெரியும்படி எழுதுவது கூடாது. "என் அம்மா இந்த வருடம், இந்த ஊரில் பிறந்து தத்துக் கொடுக்கப்பட்டார், இன்ன வருடம் இறந்தார். டிஎன்ஏ பார்த்ததில் உங்கள் குடும்பத்தோடு தொடர்பு தெரிகிறது. உங்களிடம் பணமோ சொத்தோ எதிர்பார்க்கவில்லை. விருப்பமிருந்தால் பேசலாம்" என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, அம்மாவின் இளவயதுப் படம் ஒன்றைச் சேர்த்து வைக்கலாம். பல நேரங்களில் கடிதம் செய்யாததைப் படம் செய்யும். தங்கள் அம்மாவின் முகத்தையே அதில் பார்ப்பார்கள்.

பதில் வராமலும் போகலாம். "எங்கள் அம்மா அப்படிப்பட்டவர் இல்லை" என்று கோபமாகவும் வரலாம். வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை. யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை வேறு, அவர்கள் வீட்டுக்குள் வரும் உரிமை வேறு. முதலாவதற்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுவேன். இரண்டாவது, அவர்கள் மனசு வைத்தால் மட்டுமே. சில பிறப்புகளுக்குப் பின்னால் வன்முறை இருந்திருக்கிறது, சிலவற்றில் அது வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது. அதையும் தாங்கிக்கொள்ளும் மனதோடுதான் அந்த உறையை அஞ்சலில் போட வேண்டும்.

இந்தக் கதை அமெரிக்காவோடு முடியவில்லை. 1970-களிலும் 80-களிலும் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 குழந்தைகள் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளுக்குத் தத்துப்போனார்கள். கோப்புகளில் மோசடி நடந்ததை 2017-ல் ஒரு டச்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி வெளியே கொண்டுவந்தது. பெற்ற தாய் என்று நீதிமன்றத்தில் வந்து நின்றவர்களில் சிலர், காசு கொடுத்து நிறுத்தப்பட்ட வேறு பெண்கள். 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. அந்தக் குழந்தைகளுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. அவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அமெரிக்கப் பேரப்பிள்ளைகளுக்கு இருக்கும் வசதி இவர்களுக்கு இல்லை. ஆவணம் பொய், இலங்கையிலோ இந்தியாவிலோ டிஎன்ஏ பரிசோதித்துக்கொண்டவர்களும் குறைவு. இந்தியாவின் தத்தெடுப்பு விதிமுறைகள், 18 வயதான தத்துப்பிள்ளை தன் வேரைத் தேட அனுமதிக்கின்றன, ஆனால் மூன்றாம் நபர் தேடக் கூடாது என்கின்றன. தத்துப்பிள்ளை இறந்துவிட்டால் அவர் மகள் மூன்றாம் நபரா? அப்படி இல்லை என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும், இப்போதே.

தத்துப்பிள்ளையான அம்மாவோ அப்பாவோ இன்னும் உயிரோடு இருப்பவர்களுக்கு நேரம் இருக்கிறது. அவர்களுக்குத் தேட விருப்பமில்லாமல் இருக்கலாம், அது அவர்கள் முடிவு. ஆனால் சம்மதித்தால் ஒரு டிஎன்ஏ பரிசோதனை மட்டும் செய்து வைத்துவிடுங்கள், முடிவைத் திறந்து பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. கணக்கின் கடவுச்சொல்லையும், பின்னால் அதை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் எழுதி வாங்கி வையுங்கள். இறந்த பிறகு பழைய கடித உறையின் தபால்தலையிலிருந்தும் ஆஸ்பத்திரியில் சேமித்த திசுத் துண்டிலிருந்தும் டிஎன்ஏ எடுக்க முயல்கிறவர்கள் உண்டு. செலவு அதிகம், கிடைப்பது நிச்சயமில்லை.